பலே நடன நிகழ்ச்சி விபரத்தை தமிழ்லயும் போடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம். வெள்ளவத்தையில இருக்கிறன், கடையொண்டில கணக்கு எழுதுற வேலை, இரவு சாப்பிட்டு முடிஞ்சா போன்ல ஸ்வான் லேக் எண்ட பலே நடனத்தைக் கொஞ்சமாவது பாக்காட்டி நித்திரை வராது. 1877ல மொஸ்கோவில முதல்ல மேடையேறினது, ஆனா இண்டைக்கும் அதில கறுப்பு அன்னமா ஆடுறவ ஒரு காலில நிண்டு 32 தரம் சுத்தேக்க, விரல் நுனியில ஏறி இறங்குற அந்தப் பாதத்தையே பாத்துக்கொண்டு மூச்சுவிட மறந்துபோவன். எங்கட நாட்டு நடனக் கலைஞர் சித்ரசேனாவும் 1961லயே கரதிய எண்ட நடன நாடகம் செய்தவர், அதுவும் பலேதான்.

லயனல் வென்ட் அரங்கில டான்ஸ் எண்டா வேலை முடிஞ்ச கையோட ஓடிடுவன். ஆனா பாதி நிகழ்ச்சி நடந்து முடிஞ்ச பிறகுதான் தெரியவருது, சரியான கவலையா இருக்கு. உங்கட பேப்பர்ல ஒரு சின்ன மூலையிலயாவது முன்கூட்டியே போடுங்கோ ஐயா.

பலே ரசிகை, கொழும்பு 6