ஆண்டறிக்கை: நாட்டு அணிக் கணக்கும் நம் மன்றத்தின் பரிசும்

மன்றத் தலைவர், மூத்த ஆட்டக்காரர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பருவமழையில் வழக்கம்போல் மைதானத்தில் தண்ணீர் தேங்கி, சிறுவர் பயிற்சி சில வாரங்கள் நின்றது. அந்த மாலைகளில் மன்றத்தில் உட்கார்ந்து பேசியதை விரிவாகவே பதிவு செய்கிறேன். ஏனென்றால் இன்றைய தீர்மானம் அந்தப் பேச்சில்தான் பிறந்தது. ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் பெருமையை அவர் நாட்டு அணிக்கு ஆடிய கணக்கை வைத்து அளக்கலாமா என்பதுதான் கேள்வி.

அளக்கலாம் என்றார்கள் மூத்தவர்கள். கிளப்புக்குக் காசு கொடுத்து யாரையும் வாங்கலாம், நாட்டு அணிக்கு அப்படி முடியாது, இருப்பவர்களை வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1986இல் மரடோனா 5 கோல் அடித்து, இன்னும் 5 கோலுக்கு வழிசெய்து அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்ததைச் சொன்னார்கள். வலுவான வாதம்தான்.

ஆனால் அதே வாதம் ஜார்ஜ் வேயாவிடம் நிற்கவில்லை. 1995இல் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டி'ஓர் விருது வாங்கியவர் அவர். உள்நாட்டுப் போரில் சிதைந்த லைபீரியாவின் அணிக்குத் தன் கைக்காசைப் போட்டு ஆடினார். உலகக் கோப்பைப் பக்கமே அவரால் போக முடியவில்லை. புஷ்காஷ் ஹங்கேரிக்கு 85 ஆட்டங்களில் 84 கோல் அடித்தவர். 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 3-2 என்று தோற்றார். இவர்களைச் சின்னவர்கள் என்று யார் சொல்வது?

மெஸ்ஸியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 2016 வரை நான்கு பெரிய இறுதி ஆட்டங்களில் தோற்றவர். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பிரான்சின் கோலோ முவானி அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் காலால் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் மெஸ்ஸி கையில் கோப்பை இல்லை. அவருடைய ஆட்டம் அதனால் ஒரு துளி குறைந்திருக்குமா? அப்புறம் போர்ச்சுகலின் ரொனால்டோ. ஐரோப்பிய நாடுகளுக்கான 2016 யூரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் 25ஆவது நிமிடமே காயத்தோடு வெளியேறினார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தவர் அதே அணியின் எடர். பதக்கம் ரொனால்டோ கணக்கிலும் ஏறியது.

நம் இந்திய அணியின் சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது 94 சர்வதேச கோல்கள். எதிரணிகள் பல சிறியவை என்று சிலர் குறைக்கிறார்கள். ஒருமுறைகூட உலகக் கோப்பையில் ஆடாத அணியைத் தோளில் சுமந்தவரை அந்த ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. இதே வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிவரை போன தனபால் கணேஷின் சர்வதேச ஆட்டங்கள் கொஞ்சம்தான். ஆனால் நம் பசங்க காலையில் எழுந்து பூட்ஸ் மாட்டுவதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

என் கருத்து இதுதான்: கணக்கைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் யார் ஆடினார்கள், எதிரே யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: சிறுவர் பிரிவில் சிறந்த ஆட்டக்காரர் பரிசை அதிக கோல் அடித்தவருக்கே கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவோம். பயிற்சியாளர்கள் ஆண்டு முழுதும் எழுதிய குறிப்புகளை வைத்து, தடுப்பாட்டக்காரர், கோல்கீப்பர் உட்பட எல்லோரையும் கருதுவோம். உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
செயலாளர்