கண்ணுக்கு, அப்பா எழுதுவது

அஸ்தம்பட்டி,
சேலம்.

கண்ணு,

போனில் “நல்லா இருக்கேன்ப்பா” என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சிகாகோவில் குளிர் மைனஸில் போகிறது என்றார்கள். காதை மூடாமல் வெளியே போகாதே.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் எஸ்டேட் பெரியப்பா வீட்டில், அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டு கேட்கிற எங்கள் ஜமா கூடியது. காப்பி பறிக்கிற நேரம். ஆனாலும் மனிதர் ரெக்கார்ட் பிளேயரை விட்டு நகரவில்லை. டாக்டர் மாமா வழக்கம்போல மடி வாட்டர்ஸ் கட்சி. 1941-ல், நாட்டுப்பாடல் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பி தோட்டத்துக்கே போய் அவர் பாட்டைப் பதிவு செய்ததில் ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். குகை மாமாவுக்கு பி.பி. கிங்தான் தெய்வம். 1949-ல் மண்ணெண்ணெய் கவிழ்ந்து தீப்பிடித்த மண்டபத்துக்குள் கிதாரை எடுக்க ஓடினாரே, அந்தக் கதையை நேற்று நடந்த மாதிரி மறுபடி சொன்னார். உன் புரமோஷனைச் சொன்னேன். எல்லோருக்கும் தட்டுவடை செட் என் செலவு.

நான் கிதார்காரர் பட்டி கை பக்கம்தான், உனக்குத் தெரியும். 89-வது பிறந்தநாளில், 2025 ஜூலை 30, புது ஆல்பம் விட்டிருக்கிறார்! ஜனவரி என்றால் அவருடைய ‘லெஜெண்ட்ஸ்’ கிளப்பில் அவரே வாசிப்பார். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் போனீர்களா? மாப்பிள்ளை போகாமல் இருக்க மாட்டாரே. பெண் பார்க்க வந்த அன்று, ஜாதகத்தை விட்டுவிட்டு பன்னிரண்டு பார் ப்ளூஸ் பற்றி என்னோடு ஒரு மணி நேரம் பேசியவர்.

பொங்கலன்று வீடியோவில் நீ மட்டும்தான் வந்தாய். தீபாவளிக்கும் அப்படித்தான். ஆபீஸ் என்றாய். சரி, வேலை அப்படி இருக்கலாம். பின்னால் சுவரில் அவருடைய கிதார் மாட்டியிருந்த இடம் காலியாக இருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்திருப்பார். உன் அம்மா எதையும் கேட்கச் சொல்லவில்லை.

பட்டி கையின் கிதாரில் வெள்ளைப் புள்ளிகள் இருக்குமே, அதன் கதையை அன்று பெரியப்பா சொன்னார். 1957-ல் லூசியானாவிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பும்போது, பக்கவாதத்தில் கிடந்த அம்மாவிடம், நிறையச் சம்பாதித்துப் புள்ளி போட்ட காடிலாக் காரில் திரும்பி வருகிறேன் என்றாராம். பொய் என்று தெரிந்தே சொன்னது. அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதே என்று. அம்மா போன பிறகு அந்த நினைவுக்குத்தான் புள்ளி போட்ட கிதார். இதைக் கேட்டதும் பெரியம்மா சமையலறையிலிருந்தே, “பெத்தவளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?” என்றாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டாக்டர் மாமா ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கிற வரை எனக்கு அதே நினைப்பு.

நீ சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரி. கால் எலும்பு முறிந்தபோதுகூட “ஒண்ணுமில்லை” என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் எங்களிடம்கூட இப்படியா, கண்ணு? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் பிரெட்டோடு படுக்காதே. தனியாக இருக்கிற நாளில்தான் நன்றாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். தனியாக என்றால், அவர் ஆபீஸில் இருக்கும்போது என்று சொல்கிறேன்.

மேலே உன் அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. மே மாதம்தான் வர வேண்டும் என்றில்லை, எப்போது வேண்டுமானாலும் வா. டிக்கெட் ஒன்றோ இரண்டோ, எத்தனை என்று மட்டும் சொல். பணம் அன்றைக்கே போட்டு விடுகிறேன்.

அப்பா