மைக் டெஸ்ட்டுக்காக நின்றுபோன தோடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இப்போது என்ன பாட்டு கேட்கிறீர்கள், ஏன் என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். நான் மதுரை வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏழு மாதமாக இரவில் நான் கேட்பது நாதஸ்வரம். அதிலும் தோடி ராகம்தான் அதிகம்.

காரணம் ஒரு கல்யாணம். போன ஆவணியில் என் அக்கா மகளுக்கு முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். ஐந்தரை மணி இருக்கும். கூட்டம் இன்னும் சேரவில்லை, சமையல்கட்டில் மட்டும் பரபரப்பு. அந்த நேரத்தில் நாதஸ்வரக்காரர், அறுபதை ஒட்டிய வயது, ஒரு ராகத்தை மெதுவாக எடுத்தார். தவில் இல்லை, தாளம் இல்லை. சுருதிப் பெட்டி மட்டும் பின்னால். பன்னீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேடையில் இன்னிசைக் குழு மைக் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று ஒருவர் வந்து, அவர் முகத்துக்கு நேராகக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றித் துண்டில் துடைத்துவிட்டு, நாதஸ்வரத்தை உறைக்குள் போட்டார். உறையின் நாடாவை மூன்று முறை சுற்றிக் கட்டினார்.

நான் பெண்ணுக்குத் தாய்மாமன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மைக் டெஸ்ட் அரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் காப்பி எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க தம்பி. தோடி வாசிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு வாய் தானா அதுக்குப் போயிருச்சு" என்றார். ரெண்டு வருஷமா என்று கேட்டேன். "கல்யாணத்துல யாரு உக்காந்து கேக்கப் போறா? மாலை மாத்துறதுக்கு ஒண்ணு, தாலி கட்டுறதுக்கு ஒண்ணு, நடுவுல சினிமாப் பாட்டு. ராகத்தை இழுத்தா, கெட்டிமேளம் மட்டும் போதும்னு சொல்லிருவாங்க."

பேச்சு நீண்டதில் அவருடைய வாத்தியத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நரசிங்கம்பேட்டையில் செய்தது, ஆச்சா மரம். புது மரம் ஆகாதாம். பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் மாதிரி வருஷக்கணக்கில் காய்ந்த மரம்தான் வேண்டுமாம். (2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.) விரலுக்கு ஏழே துளை. கீழே இருக்கும் மற்ற துளைகளில் மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சரிபார்க்கிறார்கள். "அப்ப மத்த சுரமெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். விரலைத் துளைமேல் பாதி மூடிக் காட்டினார். "கொஞ்சம் விரலு, மிச்சம் மூச்சு" என்றார். தவில்காரர் கையையும் அப்போதுதான் கிட்டே பார்த்தேன். வலது கை விரல்களில் கூடு மாட்டியிருந்தார். துணியைப் பசை போட்டுச் சுற்றிக் காயவைத்தது. நாற்பது வருஷம் துணியில் கைவைத்தவன் நான், அவ்வளவு கெட்டியாக ஒரு துணியைத் தொட்டதில்லை. இந்தக் கூட்டோடு அடிக்கிற அடி நமக்குக் கேட்கும்போது பூ உதிர்கிற மாதிரியும் இருக்கிறது, இடி மாதிரியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லி என் போனில் தோடியைத் தேடி எடுக்கச் சொன்னேன். முதலில் வந்தது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956-இல் காலமானவர். பழைய பதிவு என்பதால் இரைச்சல் உண்டு. ஆனால் அந்த இரைச்சலைத் தாண்டி ஒரே மூச்சில் மேலே போய், அங்கேயே நின்று, நாம் மூச்சை விட்ட பிறகும் அவர் விடவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் பாதியில் நின்றது எங்கே போக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்து அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். நாற்பத்து மூன்று வயதுக்குள் போய்விட்டார். அவர் வாசிப்பில் ஒரு குழைவு இருக்கிறது, கேட்டால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவை இந்தப் பங்குனியில்தான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் நம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன், அவர்கள் கச்சேரியை இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ராகத்தின் பெயரைப் போனில் பார்த்துத்தான் சொல்வேன். பகலில் கடையில் கோடை பண்பலை ஓடும், இளையராஜா ஓடுவார். அதையெல்லாம் விட்டுவிடவில்லை. ஆனால் நாதஸ்வரத்துக்காக வேலையையே மாற்றி வைத்திருக்கிறேன். மெஷின் ஓடினால் மெல்லிய இடங்கள் காதில் விழாது. அதனால் மெஷின் வேலையை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். கொக்கி வைப்பது, எம்மிங், காஜா என்று கை வேலை அத்தனையும் அதற்குப் பிறகு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனை நூல்கண்டுப் பெட்டிமேல் வைத்தால், ஒரு தோடி முடிவதற்குள் இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துவிடலாம். சில இடங்களில் ஊசி கையிலேயே நின்றுவிடும். அப்போது ஒன்றரை ரவிக்கைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டுத் தைத்தவர்களில் ஒருவர். சின்னப் பையனாக நான் அவர் காலடியில் வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருப்பேன். திருவிழா நாட்களில் கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டதும் அப்பா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவார். "மல்லாரி கேக்குது, சாமி கெளம்பிருச்சுடா" என்பார். அது கம்பீர நாட்டை ராகம் என்பதோ, மல்லாரிக்குப் பாட்டு வரிகளே கிடையாது என்பதோ அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சுவாமி புறப்பாட்டை எழுந்து போய்ப் பார்க்காமலே தெரிந்துகொள்வார். அப்பாவின் அந்தக் காது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் கொஞ்சமாவது வந்திருக்கிறது. அடுத்த மாதம் சித்திரைத் திருவிழா. மாசி வீதியில் இந்த வருஷம் தேர் பார்க்கிற கூட்டத்தில் நிற்காமல், சுவாமிக்கு முன்னால் போகிற மேளத்தோடு கூடவே நடக்கப் போகிறேன்.

உங்கள் வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் விசேஷம் வைத்தால் மேளக்காரரிடம் கூலி பேசுவதோடு, என்ன வாசிக்க ஆசைப்படுகிறீர்கள் என்றும் கேளுங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி, முன்னால் பத்து நாற்காலி போட்டு, நாலு பேர் உட்காருங்கள். மங்கலத்துக்கு வேண்டும் என்று அவர்களைக் கூப்பிடுகிறோம், தாலி கட்டும்போது மற்ற சத்தம் காதில் விழக்கூடாது என்று வேகமாக வாசிக்கச் சொல்கிறோம். முப்பது நாற்பது வருஷம் சாதகம் பண்ணிய ஒருவரை அதற்கு மட்டும் கூப்பிடுவது பெரிய தப்பு. அவர் வாசிக்க மறந்துவிட்டால், அவர் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது?

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். அதே பெரியவரைத் தேடிப் போய் முன்பணம் கொடுத்துவிட்டு, வரவேற்பன்று தோடி வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எவ்வளவு நேரம் தம்பி?" என்றார். ஒரு மணி நேரம் என்றேன். உள்ளே திரும்பித் தன் பையனைக் கூப்பிட்டு, நல்ல சீவாளியாக நாலு வாங்கி வைக்கச் சொன்னார்.

அன்றைக்கு ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை மேடையில் மைக் போடக் கூடாது என்று மண்டபத்தில் ரசீதிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
வில்லாபுரம், மதுரை.