வீடு மாறியதும் பட்டியலையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உள்ளாட்சித் தேர்தல் என்றால் வேட்பாளர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். வாக்காளர் பட்டியலுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

சென்ற தேர்தலில் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, பட்டியலில் என் பெயர் இல்லை. அடையாள அட்டைதான் கையில் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்திருந்தேன். அட்டை நான் யார் என்று மட்டுமே காட்டும். வாக்களிக்க, இப்போது குடியிருக்கும் முகவரியில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் இது இன்னும் முக்கியம். நாலு தெரு தள்ளிக் குடிபோனாலே வார்டு மாறிவிடலாம். பல இடங்களில் பெயர் சேர்க்கும் கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. அன்று நான் அழாத குறையாகத் திரும்பினேன்.

இன்னொன்று. வெளிநாடுகளில் வாழும் பலர், அந்த நாட்டுக் குடியுரிமை இல்லையே என்று விசாரிக்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள். ஸ்வீடனில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதிவுபெற்று வசிக்கும் எந்த நாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டனில் முறையான அனுமதியோடு வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், அந்த உரிமை உண்டு. ஆனால் அங்கே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் 16 வயதுப் பிள்ளைகளே உள்ளாட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அது எத்தனை வீடுகளில் தெரியும்?

அடுத்த முறை, பெயர் சேர்க்கும் கடைசி நாளை இரண்டு வாரம் முன்னதாகவே முதல் பக்கத்தில் போடுங்கள். எங்கே, எந்தச் சான்றுகளோடு போக வேண்டும் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்