ஆகஸ்டில் வருபவர்களுக்கு இன்சூரன்ஸையும் சொல்லிக் கொடுங்கள்: டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் ஊர்த் தமிழ் மாணவர் குழு நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஆகஸ்டில் புதிதாகப் படிக்க வருபவர்களை ஹூஸ்டன் ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வருவது, முதல் சில நாள் தங்க இடம், சிம் கார்டு, பேங்க் அக்கவுண்ட் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். எங்கள் சீனியர்களும் எங்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். அன்றைக்கு அவர்கள் பட்டியலில் இல்லாத ஒன்று இன்றைக்கு உங்கள் பட்டியலிலும் இல்லை. அது இன்சூரன்ஸ்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்து கிடந்தபோது எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடிக் குழாய் வெடித்தது. சீலிங் ஊறிப் பெயர்ந்து, கூழும் தண்ணீருமாக மெத்தை மேல் தொப்பென்று விழுந்தது. மெத்தை மேல் மூன்று லேப்டாப். லீஸிங் ஆபீஸில் சீலிங்கைச் சரிசெய்து கொடுத்தார்கள், பொருளுக்கு உங்கள் இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கட்டடக்காரர் எடுக்கும் பாலிசி கட்டடத்துக்குத்தான், உள்ளே இருக்கும் நம் பொருளுக்கு இல்லை. ஆனால் நாங்கள் வாடகையோடு மாதாமாதம் இன்சூரன்ஸ் என்று ஏதோ கட்டிக்கொண்டுதானே இருந்தோம்? லீஸை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் லயபிலிட்டி: எங்களால் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் அவர்களுக்குப் போகிற பணம். நாலு பேரில் ஒருவன் மட்டும் தனியாக ரெண்டர்ஸ் பாலிசி, அதாவது வாடகைக்கு இருப்பவர் தன் பொருளுக்கு எடுக்கும் பாலிசி, வைத்திருந்தான். லேப்டாப்புக்கும் கிடைத்தது, வீடு காயும்வரை தங்கிய ஹோட்டல் செலவும் கிடைத்தது. அவன் பாலிசியில் எங்கள் பெயர் இல்லாததால் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பாலிசி போதும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது, ஒவ்வொருவர் பெயரும் பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ரீப்ளேஸ்மெண்ட் காஸ்ட்', அதாவது புதிதாக வாங்கும் விலையைத் தரும் பாலிசி, என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய லேப்டாப்புக்குத் தேய்மானம் கழித்துச் சொற்பம்தான் வரும். டிடக்டபிளை, அதாவது சேதத்தில் நம் பங்காகக் கழித்துக்கொள்ளும் தொகையை, 1,000 டாலர் வைத்துவிட்டு 900 டாலர் லேப்டாப் போனால் கையில் எதுவும் வராது. காரின் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த பையைத் திருடிவிட்டால் அந்தப் பைக்கும் ரெண்டர்ஸ் பாலிசியைத்தான் கேட்க வேண்டும், கார் இன்சூரன்ஸை இல்லை. வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்கு மட்டும் தனிப் பாலிசி வேண்டும். மாதம் 15, 20 டாலருக்குள்ளேயே நல்ல ரெண்டர்ஸ் பாலிசி பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்புறம் கார். டெக்சாஸில் சட்டப்படி குறைந்தபட்சம் 30/60/25. அதாவது எதிராளியின் காயத்துக்கு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அவர்கள் வண்டி மாதிரியான பொருள் சேதத்துக்கு 25,000. இந்த ஊர் ரோட்டில் எங்கே பார்த்தாலும் பிக்கப் டிரக், புதிது ஒன்றை மோசமாக இடித்தால் 25,000 எங்கே போதும்? மீதி நம் தலையில். இதில் நம் சொந்தக் காருக்குப் பத்துப் பைசா கிடையாது, அதற்குக் கொலிஷன், அதாவது மோதலில் நம் காருக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், தனி. ஆன்லைனில் விலை குறைகிறதே என்று பி.ஐ.பி.யையும் (யார் தவறானாலும் நம் மருத்துவச் செலவுக்குத் தருவது) அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்டையும் (இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் நமக்குத் தருவது) வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுகிற ஒருவர் நம்மை இடித்தால் கைகொடுப்பவை இவைதான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அடிக்கடி அந்தக் காரை எடுக்கும் ரூம்மேட் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள், சேர்க்காவிட்டால் கிளெய்ம் சமயத்தில் பெரிய தலைவலி.

இங்கேயே வேலை கிடைத்து வீடு வாங்கி, மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் அண்ணன், அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரண ஹோம்ஓனர்ஸ் பாலிசி, நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு. நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் கம்பெனியிடம் சொல்லி வாடகை வீட்டுக்கான பாலிசிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

முதல் வரவேற்புக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். என் பாலிசித் தாள்களையும் அந்தப் பழைய லீஸையும் எடுத்து வருகிறேன், பெயரை மறைத்துவிட்டுத் திரையில் போட்டு வரி வரியாகப் படிக்கலாம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சீனியர் ஒருவன்