ஸ்கேன் சீட்டில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள், டாக்டர்

வலிப்புக்கு ஸ்கேன் எழுதித் தருகிற மருத்துவர்களுக்கும், அதைப் படித்து ரிப்போர்ட் தருகிற ரேடியாலஜி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அண்ணனுக்கு ஃபிட்ஸ் வந்தது முப்பது வயதுக்கு மேல். விழுந்து கை கால் இழுக்கிற வகை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் கழித்து "என்ன சொன்னே?" என்பார். அண்ணி இத்தனையையும் டாக்டரிடம் விவரமாகச் சொன்னார். ஆனால் ஸ்கேன் சென்டருக்குப் போன சீட்டில் இருந்தது 'எம்.ஆர்.ஐ. மூளை, ஃபிட்ஸ்', அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தது.

அந்த ஒரு வார்த்தையோடு ஆறு வருடம் ஓடியது. மாத்திரை மாற்றினார்கள், கூட்டினார்கள், ஃபிட்ஸ் நிற்கவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, மனசுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்புறம் வேறொரு டாக்டர் அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, பொட்டெலும்புக்கு உள்ளே இருக்கிற டெம்போரல் பகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அதற்குள் இருக்கிற, ஞாபகத்துக்கு உதவுகிற ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதிக்குக் குறுக்காக மெல்லிய படங்களாக எடுத்தார்கள். வலது பக்கம் சுருங்கித் தழும்பாகி வெளுத்துத் தெரிந்தது, காட்டியதும் எனக்கே புரிந்தது.

வலிப்பு என்று முடிவு செய்வது நோயாளியும் கூட இருந்தவர்களும் சொல்வதை வைத்துத்தான், ஸ்கேன் நார்மல் என்றால் வலிப்பு இல்லை என்று ஆகாது, இது உங்களுக்கே தெரியும். எங்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரத்துக்கு சி.டி. எடுப்பது சரிதான், ரத்தக்கசிவும் நாடாப்புழுக் கட்டி சுண்ணாம்பாகிப்போனதும் அதில் நன்றாகவே தெரியும், ஆனால் அண்ணனுக்கு இருந்த மாதிரித் தழும்பு அதில் தப்பிவிடும். வலிப்புக்கென்று எம்.ஆர்.ஐ. எப்படி எடுக்க வேண்டும் என்று உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2019-லேயே சொல்லிவிட்டது, மெல்லிய முப்பரிமாண டி1, ஃபிளேர், ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்கே டி2 என்று மூன்றே வகைப் படம்.

தழும்பு தெரிந்தால் வழி மாறுகிறது. சரியான இரண்டு மருந்துக்கும் கட்டுப்படாத வலிப்புக்கு அறுவை சிகிச்சை பற்றி யோசித்தாக வேண்டும். 2001-இல் வெளியான கனடா ஆய்வில், டெம்போரல் பகுதி வலிப்புக்கு அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்து நினைவு தப்பும் வலிப்பு இல்லை, மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 8 சதவீதம்.

அதனால் கேட்கிறேன். என்ன மாதிரி ஃபிட்ஸ், எந்தப் பக்கம் சந்தேகம், இதுவரை என்ன மருந்து என்று சீட்டில் எழுதுங்கள். படிக்கிறவர்களே, வெறும் 'ஃபிட்ஸ்' என்று சீட்டு வந்தால் தயவுசெய்து ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சீட்டில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள், கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.