பணம் மட்டும் கட்டிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பா உடம்பு பரவாயில்லை. அக்காவுக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிடும் போலிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

விமானப் பணியாளர் வேலைக்கு நீ கொடுத்த இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. ஃபைனல் ரவுண்ட் முடிந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்று நீதான் சொன்னாய். வேலை கிடைத்தால் போன் வரும், இல்லையென்றால் இரண்டு வரியில் ஒரு மெயில் வரும், ஏன் எடுக்கவில்லை என்று காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள் என்றாய். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் இப்படிக் காத்துக் கிடக்கிற பிள்ளைகளை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். "எச்.ஆரில் நமக்கு ஆள் இருக்கு, உங்க ஃபைல் மேஜையில்தான் இருக்கு, கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்" என்பார்கள். யார் சொன்னாலும் பணம் மட்டும் கட்டிவிடாதே. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன தடவை நீ இங்கே வந்திருந்தபோது அந்த வீடியோ இன்டர்வியூ கொடுத்தாயே, அதை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எதிரே மனுஷர் யாரும் இல்லை. திரையில் கேள்வி வரும், யோசிக்கச் சில நொடி, உடனே ரெக்கார்டிங் ஓட ஆரம்பித்துவிடும். லேப்டாப்புக்கு அடியில் என் பழைய நர்சிங் புத்தகங்களை அடுக்கிவைத்து, சத்தம் விழாமல் இருக்க ஃபேனையும் நிறுத்திவிட்டு, கழுத்தில் டையும் இடுப்பில் லுங்கியுமாக உட்கார்ந்திருந்தாய். யாராவது வந்து பெல் அடித்துவிடப் போகிறார்கள் என்று நான் வாசலில் காவல் நின்றேன். கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தாய் என்று ஒரு கேள்வி. ஓட்டலில் ஒருத்தர் பெட்டி வந்து சேரவில்லை என்று கத்தினார், துக்கத்துக்கு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது, லாக்கரில் இருந்த என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன் என்றாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கதையை நீ எங்களிடம் சொன்னதே இல்லை. முகம் தெரியாத கம்பெனிக்காரனுக்குச் சொல்கிறாய், பெற்றவளுக்குச் சொல்ல மாட்டாய்.

சித்தப்பா பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. "பொம்பளைங்க வேலை, பிளேன்ல காபி ஊத்திக் கொடுக்கிறது" என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு அதுதான் ஆத்திரம். உலகத்திலேயே முதல் விமானப் பணியாளர் ஹைன்ரிஷ் கூபிஸ் என்ற ஆண்பிள்ளை. 1912இல் ஜெர்மனியில் செப்பலின் ஆகாயக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர். 1937இல் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது அதில் தலைமைப் பணியாளராக இருந்தவரும் அவரே. தரைக்குப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்து, ஜன்னல் வழியாகக் குதிக்கச் சொல்லி மற்றவர்களைத் தூண்டி, தானும் குதித்துப் பிழைத்தார். பெண்கள் வந்தது 1930இல்தான். எலன் சர்ச் என்ற நர்ஸ்தான் முதல் ஆள், அவரோடு இன்னும் ஏழு நர்சுகள். (நர்ஸ் என்றதும் சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார், சிரிக்கட்டும்.) 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதித் தீப்பிடித்ததே, மைக்கும் வேலை செய்யவில்லை, எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. மெகாபோனில் கத்திக் கத்தியே 379 பேரையும் உயிரோடு இறக்கினார்கள். காபி ஊற்றுகிறவர்கள்தான் இறக்கினார்கள். இதைச் சித்தப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாது.

அதற்காக உன்னை ஒன்றும் சொல்லக்கூடாது என்று இல்லை. இன்டர்வியூவில் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிடுகிற குரூப் டாஸ்க்கில் உனக்கு எப்போதும் அவசரம். அடுத்தவன் பேசி முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அங்கே யார் கெட்டிக்காரன் என்று பார்ப்பதில்லை. வாய் திறக்காமல் இருந்த பெண்ணைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று யார் கேட்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தடவை இல்லை என்று ஆனாலும், சில மாதம் கழித்து மறுபடியும் எழுதலாம். முதல் தடவையே எடுபட்டவர்கள் ரொம்பக் குறைவு. இல்லை என்று ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

ஆஃபர் வந்தாலும் உடனே ஓட்டல் வேலையை விட்டுவிடாதே. மெடிக்கலும் பின்னணி விசாரணையும் தேறினால்தான் வேலை என்று அந்தக் கடிதத்திலேயே போட்டிருக்கும். நடுவில் நீ சும்மா இருந்த மாதங்களுக்கும் கணக்குக் கேட்பார்கள், மறைக்காமல் எழுது. பிறகு டிரெயினிங், அதில் பரீட்சை தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேர்ந்த புதிதில் ஸ்டாண்ட்பை, போன் எப்போது அடிக்கும் என்று பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நைட் ட்யூட்டி பார்த்தவள் நான், எனக்கு அது புரியும். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்திவிடுகிற சி.பி.ஆர். மட்டும் நீ யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தலையணையை வைத்து நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நிமிஷத்துக்கு 100இலிருந்து 120 அழுத்து, முழங்கையை மடக்காமல்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பிக்கவோ, இன்டர்வியூவுக்கோ, செலக்ட் ஆகவோ பணம் கேட்டால் அது மோசடி. பெரிய கம்பெனிகள் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே இதை எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள், நான் படித்துப் பார்த்தேன். பயிற்சிச் செலவைப் பிள்ளைகள் தலையில் கட்டும் கம்பெனிகளும் சில உண்டு என்கிறார்கள். அப்படியென்றாலும் அது ஒப்பந்தத்தில் இருக்கும், கம்பெனி கணக்குக்குப் போகும். திருப்பித் தருகிற டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம் என்று சொல்லி ஒரு தனி ஆள் பெயரில் போடச் சொன்னால் என்ன அர்த்தம்? கம்பெனி பெயர் போட்டு ஜிமெயிலில் இருந்து லெட்டர் வந்தால் என்ன அர்த்தம்? நீ படித்தவன். இதையெல்லாம் நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்கு எரிச்சலாக இருக்கும்.

சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற அந்தக் கணக்கில் இருந்து பணம் எடுத்தால் மெசேஜ் என் போனுக்கும் வரும். நீ மறந்துவிட்டாய். ராத்திரி வந்தது, அப்பா பக்கத்தில்தான் இருந்தார், "யாருடி இந்த நேரத்துல" என்றார். கம்பெனி விளம்பரம் என்று சொல்லி அழித்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று வந்தது, அதையும் அழித்தேன். அப்பா உன்னைத் திட்டுவார் என்பதற்காக அழிக்கவில்லை. பாஸ் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாரே, அதை என்னால் பார்க்க முடியாது. இத்தனை வருஷத்தில் பண விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது.

வாடகை அட்வான்ஸ், பைக், நண்பனுக்குக் கடன், எதுவாக இருந்தாலும் சரி. சொல்லிவிடு, நான் மேலே கேட்க மாட்டேன். அந்த மாதிரி ஆளிடம் போயிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதே. முதலில் பேங்கைக் கூப்பிட்டுச் சொல், பிறகு போலீசில் புகார் கொடு. சீக்கிரம் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. மூன்றாவது தடவையும் பணம் கேட்டால், முன்னால் கட்டியது போய்விடுமே என்று பயந்து மட்டும் போட்டுவிடாதே. போனது போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அக்கா வீட்டுக்குப் போகிறார். பத்து மணிக்கு மேல் கூப்பிடு, நான் தனியாகத்தான் இருப்பேன். அந்த ஆள் அனுப்பிய மெசேஜ், ரசீது எதையும் அழித்துவிடாதே. கோபம் வந்தால் எல்லாவற்றையும் அழிப்பாய், உன்னைத் தெரியும் எனக்கு.

அன்புடன்,
அம்மா

மூக்கடைப்பு இருந்தால் மெடிக்கலுக்குத் தேதி மாற்றிக் கேள். மூக்கு அடைத்தால் காதும் அடைக்கும், அங்கே காதைப் பார்ப்பார்கள்.